நியூ ஆர்லியன்ஸில் ஓர் இரவு: மாலை நான்கு முதல் நள்ளிரவு வரை முழுமையான வழிகாட்டி

ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகும். நீண்ட வார இறுதி கிடைத்தால் டெக்சஸ் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி போகும் ஊர். இந்தியாவிலிருந்து வரும் பெற்றோரையும் நண்பர்களையும் அழைத்துப் போகிறார்கள். ஆனால் பலரும் அங்கே ஒரே ஓர் இரவுதான் தங்குகிறார்கள். அந்த இரவும் போர்பன் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, ஒலிபெருக்கிச் சத்தத்தில் தலைவலி வாங்கிக்கொண்டு முடிந்துவிடுகிறது. "இவ்வளவுதானா இந்த ஊர்?" என்று கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இது ஜாஸ் பிறந்த ஊர். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1901-ல் பிறந்ததும், சிறுவர் காப்பகத்தில் கார்னெட் என்ற ஊதுகருவியைப் பழகியதும் இங்கேதான். அந்த இசையை இன்றும் தினமும் இரவில் நாலடி தூரத்தில் நின்று கேட்கலாம். அதனால் இரவு முழுவதையும் இசையைச் சுற்றியே திட்டமிடுங்கள். சாப்பாடு, நடை, வேடிக்கை எல்லாம் அதற்கு இடம் விட்டு நிற்கட்டும். இதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

போவதற்கு முன்

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் சென்னையின் மே மாதப் புழுக்கத்துக்குக் கொஞ்சமும் குறையாது. புயல் பருவமும் ஜூன் முதல் நவம்பர் வரை ஓடும். மார்டி கிரா திருவிழா நாட்களிலும், ஏப்ரல் கடைசியில் தொடங்கும் ஜாஸ் விழா நாட்களிலும் அறை வாடகை எகிறிவிடும். முதல்முறை போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பதே மேல். வாரத்தில் எந்த நாள் என்று கேட்டால், வியாழன் அல்லது ஞாயிறு என்பேன். சனிக்கிழமை இரவு, இசைக் கிளப்புகள் நிறைந்த ஃபிரெஞ்ச்மென் தெருவில் கிளப்புக்குள் நுழையவே முண்டியடிக்க வேண்டியிருக்கும்.

எல்லோரும் கட்டாயம் முன்பதிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பிரிசர்வேஷன் ஹால் என்ற சின்ன ஜாஸ் அரங்கம். ஒரே இரவில் பல காட்சிகள் நடக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 நிமிடம். எட்டு மணியை ஒட்டிய காட்சியாகப் பார்த்து இணையத்தில் டிக்கெட் எடுங்கள். உட்கார்ந்து கேட்கும் முன்வரிசை பெஞ்சுக்கு விலை கூடுதல். பெரியவர்கள் உடன் வந்தால் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். மற்ற டிக்கெட் எடுத்தால் நின்றுகொண்டு கேட்க வேண்டி வரலாம்.

பையில் மூன்று பொருள்கள் கட்டாயம் இருக்க வேண்டும். முதலாவது, ஐந்து டாலர், ஒரு டாலர் நோட்டுகள் நிறைய. எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். இரண்டாவது, வயதைக் காட்டும் அடையாள அட்டை. மது அருந்தாதவர் என்றாலும் கிளப் வாசலில் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பாஸ்போர்ட்டையே எடுத்துச் செல்லட்டும். மூன்றாவது, சின்னக் குடை. வளைகுடாக் கடற்கரை மழை சொல்லிக்கொண்டு வராது. காலில் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். இங்கே நடைபாதைகள் பழைய செங்கல். பல இடங்களில் பெயர்ந்தும் தூக்கியும் இருக்கும்.

காரை விடுதியில் நிறுத்திவிட்டு, மறுநாள் காலை வரை அதை மறந்துவிடுங்கள். ஊரின் பழைய பகுதியான ஃபிரெஞ்ச் குவார்ட்டரில் வண்டி நிறுத்த இடம் தேடுவது மாலையையே விழுங்கிவிடும்.

மாலை 4 மணி: டிராமில் ஒரு சுற்று

செயின்ட் சார்லஸ் டிராம் தடம் 1835 முதல் ஓடுகிறது. உலகில் இடைவிடாமல் இயங்கிவரும் தெரு ரயில் தடங்களில் இதுவே மிகப் பழையது. இப்போது ஓடும் பச்சை நிற வண்டிகளும் 1920-களில் செய்யப்பட்டவை. மர இருக்கை, திறந்து மூடும் ஜன்னல், ஏசி கிடையாது. கெனால் தெரு முனையில் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். கட்டணம் இரண்டு டாலர்கூட வராது, ஆனால் வண்டியில் பணமாகக் கொடுத்தால் மீதிச் சில்லறை எதிர்பார்க்காதீர்கள்.

வாஷிங்டன் அவென்யூ நிறுத்தத்தில் இறங்கி, கார்டன் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பி ஏறினால் போதும். ஓக் மரங்கள் இரு பக்கமும் வளைந்து கூரை போட்ட சாலைகள், வெள்ளைத் தூண் வைத்த மாளிகைகள். அழகுதான், மறுக்கவில்லை. அந்த மாளிகைகளில் பல பருத்தியிலும் கரும்பிலும் சேர்ந்த பணத்தில் எழுந்தவை என்பதையும், அந்த வயல்களில் உழைத்தவர்கள் கறுப்பின அடிமைகள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். இரவில் நீங்கள் கேட்கப் போகும் இசைக்கும் அவர்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

சூரியன் மறையும் நேரம்: அக்கரைக்குப் படகு

கெனால் தெரு ஆற்றைத் தொடும் இடத்தில் அல்ஜியர்ஸ் படகுத்துறை இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் சாதாரணப் பயணிகள் படகு. மிசிசிப்பியைக் கடக்கச் சில நிமிடங்கள்தான். அக்கரையில் கரைமேட்டில் நின்று பார்த்தால் செயின்ட் லூயிஸ் தேவாலயத்தின் கூர்ங்கோபுரங்கள், ஆற்றின் வளைவு, பெரிய இரட்டைப் பாலம் எல்லாம் ஒரே பார்வையில் விழும். கட்டிடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். இந்த ஊர் எப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது அங்கேதான் புரியும்: ஆறு இவ்வளவு உயரத்தில், வீடுகள் அவ்வளவு தாழ்வில். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்தபோது தடுப்புச் சுவர்கள் உடைந்து ஊரில் ஏறக்குறைய 80 சதவீதம் நீரில் மூழ்கியது. ஃபிரெஞ்ச் குவார்ட்டர் தப்பியதற்குக் காரணம், 1718-ல் ஊரை நிறுவிய பியென்வில் காலத்தவர்கள் ஆற்றோர மேட்டைத் தேர்ந்தெடுத்துக் குடியேறியதுதான்.

திரும்பும் படகின் நேரத்தை ஏறும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறரை மணி: சாப்பாடு

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. கம்போ என்ற குழம்பை முதலில் வாங்குங்கள். எண்ணெயில் மாவைக் கருஞ்சிவப்பாகும்வரை பொறுமையாக வறுத்து, வெங்காயம், குடைமிளகாய், செலரி சேர்த்து, வெண்டைக்காயாலோ சாசஃப்ராஸ் இலைப்பொடியாலோ கெட்டியாக்கி, கோழி, தொத்திறைச்சி அல்லது இறால், நண்டு போட்டுச் சோற்றில் ஊற்றித் தருவார்கள். வெண்டைக்காயும் அதைக் குழம்பாக்கும் பக்குவமும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களோடு வந்தவை. திங்கட்கிழமை என்றால் சிவப்புக் காராமணி போல இருக்கும் ரெட் பீன்ஸும் சோறும் எல்லா இடத்திலும் கிடைக்கும். முன்பு திங்கள் துணி துவைக்கும் நாள். அடுப்பில் பீன்ஸைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள், அது தானாக வேகும். போபாய் என்ற நீள ரொட்டி சாண்ட்விச் 1929 டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தோடு சேர்ந்த கதை. முன்னாள் டிராம் ஊழியர்களான மார்ட்டின் சகோதரர்கள் வேலைநிறுத்தக்காரர்களுக்குத் தங்கள் கடையில் இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். பொரித்த இறால் போபாய் ஒன்றை இருவர் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

சைவர்கள் கவனமாக இருங்கள். ரெட் பீன்ஸில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். ஜம்பலாயா சோற்றில் தொத்திறைச்சி இருக்கும். கீரைக் கம்போ என்று ஒன்று உண்டு, அதிலும் பல சமையலறைகளில் இறைச்சி சேர்ப்பார்கள். "இதில் இறைச்சி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "இறைச்சி வேகவைத்த நீர் சேர்த்திருக்கிறதா?" என்றும் கேளுங்கள். பொரித்த பச்சைத் தக்காளியை இறால் இல்லாமல் கேட்டு வாங்கலாம். எனக்குப் பிடித்த தீர்வு, மேகசின் தெருவில் இருக்கும் சாஃப்ரன் நோலா. இந்தியச் சமையலையும் இந்த ஊர்ச் சமையலையும் மரியாதையோடு சேர்த்திருக்கிறார்கள். செயின்ட் சார்லஸ் தடத்திலிருந்து அதிக தூரமில்லை, ஆனால் முன்பதிவு வேண்டும். அங்கே போவதானால் படகை விட்டுவிட்டு, டிராமிலிருந்து நேரே போய்விடுங்கள்.

அன்டுவான்ஸ், 1840 முதல் நடக்கும் பழம்பெரும் உணவகம். கலட்வார்ஸில் இரவு உணவுக்கு ஆண்கள் கோட்டு அணிய வேண்டும். இரண்டும் நல்ல அனுபவங்கள், ஆனால் இரண்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். ஓர் இரவு மட்டுமே இருக்கிறவர்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

எட்டு மணி: பிரிசர்வேஷன் ஹால்

செயின்ட் பீட்டர் தெரு 726-ஆம் எண். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டிக்கிடக்கும் பழைய வீடு போலத் தெரியும். காட்சிக்கு இருபது நிமிடம் முன்னால் போய் வரிசையில் நில்லுங்கள்.

1961-ல் ஆலன், சான்ட்ரா ஜாஃபி என்ற இளம் தம்பதி இதை நடத்த ஆரம்பித்தார்கள். அப்போது வயதான கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் பலர் வாசிக்க இடமில்லாமல் இருந்தார்கள். ஊரிலோ கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே அறையில் சேர்ந்து உட்காரத் தடை இருந்த காலம். அந்தச் சின்ன அறையில் அந்தப் பெரியவர்களை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றார்கள். இன்று வாசிப்பவர்களில் சிலர் அந்தப் பழைய கலைஞர்களின் குடும்பத்தினரும் சீடர்களும்தான்.

உள்ளே அலங்காரம் எதுவும் கிடையாது. ஒலிபெருக்கி இல்லாமலேயே வாசிப்பார்கள். டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட், பியானோ, பாஸ், டிரம்ஸ். ஏ.கே.சி. நடராஜன் நம் கர்நாடக மேடையில் கொண்டாட வைத்த அதே கிளாரினெட்டை இங்கே வேறொரு பேச்சில் கேட்கலாம். எல்லோரும் சேர்ந்து பாட்டை ஒருமுறை வாசித்த பிறகு, ஒருவர் மாற்றி ஒருவர் தனியாகக் கற்பனையை விரிப்பார்கள், நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனம் போல. ஒருவர் தன் முறையை முடித்ததும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்ட வேண்டும்; அதுதான் இங்கே மரியாதை. முதல்முறை கேட்கிறவர்கள் கிளாரினெட்டை மட்டும் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். டிரம்பெட் பாட்டைச் சொல்லும், டிராம்போன் கீழே இருந்து இழுத்துக்கொடுக்கும், கிளாரினெட் இரண்டுக்கும் மேலே ஏறி இறங்கி ஓடும். அந்த மூன்று இழைகளும் காதில் பிரிந்துவிட்டால் அப்புறம் எந்த ஜாஸ் குழுவைக் கேட்டாலும் புரிய ஆரம்பிக்கும்.

வாசிக்கும்போது படம் எடுக்க விடமாட்டார்கள். கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போகலாம்.

ஒன்பது மணி: ராயல் தெருவில் நடை

ஹாலிலிருந்து வெளியே வந்ததும் பக்கத்திலேயே போர்பன் தெருவின் விளக்கும் சத்தமும் தெரியும். ஆசைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், ஐந்து நிமிடம் போதும். "உங்கள் ஷூவை எங்கே வாங்கினீர்கள் என்று சொல்கிறேன், பந்தயமா?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் நடங்கள்; பணம் பறிக்கும் பழைய தந்திரம் அது. 2025 புத்தாண்டு அதிகாலையில் இந்தத் தெருவில் ஒருவன் வண்டியை ஏற்றியதில் 14 பேர் உயிரிழந்தார்கள். ஊர் மக்கள் மனதில் அந்தக் காயம் இன்னும் பச்சையாக இருக்கிறது.

ஒரு தெரு தள்ளினால் ராயல் தெரு. இரவில் அமைதியாக இருக்கும். மூடிய கலைப்பொருள் கடைகளின் ஜன்னலில் விளக்கு எரியும், மேலே இரும்புப் பூவேலை செய்த மாடங்களிலிருந்து பெரணிச் செடிகள் தொங்கும். ஃபிரெஞ்ச் குவார்ட்டர் என்று பெயர் இருந்தாலும் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஸ்பானிய ஆட்சியிலும் அதற்குப் பிறகும் எழுந்த ஊர். 1788 பெருந்தீயில் 800-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் எரிந்தன. 1794-ல் மறுபடியும் தீ. அதன் பிறகுதான் செங்கல் சுவர், உள்முற்றம், ஓட்டுக்கூரை என்று கட்டினார்கள். 1803-ல் அமெரிக்கா லூசியானாவை விலைக்கு வாங்கியபோது, அதனோடு கைக்கு வந்தது இப்படி மறுபடி கட்டிய ஊர்தான்.

1140-ஆம் எண் வீட்டின் முன் எந்த இரவிலும் ஒரு கூட்டம் நிற்கும். பேய்க்கதைச் சுற்றுலாக்காரர்கள். 1834 ஏப்ரலில் இங்கே இருந்த வீட்டில் தீப்பிடித்தது. அணைக்க வந்தவர்கள் உள்ளே சங்கிலியால் கட்டப்பட்டு, சித்திரவதைக்கு ஆளாகி, எலும்பும் தோலுமாகக் கிடந்த அடிமைகளைக் கண்டார்கள். வீட்டுக்காரி டெல்ஃபின் லலாரி தப்பி ஓடிவிட்டாள். தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தை நடந்த ஊர் இது. அந்த மனிதர்கள் பட்ட பாட்டைப் பேய்க்கதையாக்கி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதீர்கள். வீட்டின் முன் ஒரு நிமிடம் நின்று, அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு நடங்கள்.

எஸ்பிளனேட் அவென்யூ வந்ததும் சாலையைக் கடந்தால் மாரினி பகுதி. மொத்த நடை இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஒன்பதரை மணி: ஃபிரெஞ்ச்மென் தெரு

இரவின் இதயம் இந்த இரண்டு, மூன்று கட்டடத் தொகுதிகள்தான். ஸ்பாட்டட் கேட், டி.பி.ஏ., ப்ளூ நைல், மெய்சன், ஸ்னக் ஹார்பர் எல்லாம் கூப்பிடு தூரத்தில். சில கிளப்புகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. சிலவற்றில் கட்டணம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு அமர்வுக்கும் தலைக்கு ஒரு பானம் வாங்க வேண்டும். மது வேண்டாம் என்றால் சோடாவோ எலுமிச்சைச் சாறோ வாங்கினாலும் சரிதான். 2015 முதல் மதுக்கூடங்களுக்குள் புகைபிடிக்கத் தடை இருப்பதால் மூச்சு முட்டாது.

முதலில் எங்கும் நுழையாமல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை நடங்கள். கதவுகள் திறந்தே இருக்கும், வாசலில் நின்றால் உள்ளே என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்கும். எந்தக் கதவு உங்கள் காலைத் தாளம் போடவைக்கிறதோ அங்கே நுழையுங்கள். பழைய பாணி ஸ்விங் ஜாஸ் பிடித்தால் ஸ்பாட்டட் கேட்; இடம் மிகச் சிறியது, வாத்தியக்காரரின் முழங்கை உங்கள் மேல் படும். கூட்டத்தில் நிற்க முடியாதவர்கள், பாட்டை நிதானமாக உட்கார்ந்து கேட்க விரும்புகிறவர்கள் ஸ்னக் ஹார்பருக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்கலாம். பியானோ மேதை எல்லிஸ் மார்சாலிஸ் பல ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்த மேடை அது. ஜாஸ் கலைஞர்கள் விண்டன், பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் இருவருக்கும் தந்தை; ஊரின் எத்தனையோ இளைஞர்களுக்கு ஆசிரியர். 2020 ஏப்ரல் முதல் தேதி கோவிட் பாதிப்பில் மறைந்தார்.

தெரு முனையில், பெரும்பாலும் ஷார்ட்ரஸ் தெரு சந்திப்பில், இளைஞர்களின் பித்தளை வாத்தியக் குழு நிற்கும். சூசஃபோன் என்ற பெரிய ஊதுகருவியைத் தோளில் சுற்றிக்கொண்டு ஒருவர், நாலைந்து டிரம்பெட், டிராம்போன், இரண்டு முரசு. பலர் பள்ளிக்கூட இசைக்குழுவில் பழகி வந்தவர்கள். இவர்களைக் கேட்கக் கட்டணம் இல்லை, ஆனால் முன்னால் ஒரு பெட்டியோ வாளியோ இருக்கும்.

கையில் வைத்திருக்கச் சொன்ன நோட்டுகள் இதற்குத்தான். இந்தத் தெருவில் வாசிப்பவர்களின் வருமானத்தில் பெரும்பங்கு அந்த வாளியில் விழுவதுதான். ஓர் அமர்வு முழுக்கக் கேட்டால் தலைக்கு ஐந்து டாலராவது போடுங்கள். காணொளி எடுத்தால் கட்டாயம் போடுங்கள். பாட்டு பிடித்திருந்தால் பத்து, இருபது. அமர்வு முடியும்வரை காத்திருக்காமல், கிளம்பும்போது நேரே மேடைக்கு முன்னால் போய்ப் போடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காப்பிக்கும் நினைவுப் பொருளுக்கும் யோசிக்காமல் செலவழிக்கும் நாம் இதில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். கத்ரீனாவுக்குப் பிறகு வீடிழந்த கலைஞர்கள் பலர் ஊரைவிட்டே போனார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவர நைன்த் வார்டு பகுதியில் தனிக் குடியிருப்பே கட்ட வேண்டியிருந்தது. இந்த இசை தொடர்வதற்கு அவர்களால் இங்கே வாடகை கட்டி வாழ முடிய வேண்டும்.

இரண்டு கிளப், ஒரு தெருக்குழு. ஓர் இரவுக்கு இது நிறைவான அளவு. நாலைந்து இடம் தாவினால் எதுவுமே மனதில் நிற்காது.

குழந்தைகளோடு வந்தவர்களைப் பல கிளப்புகள் உள்ளே விடமாட்டார்கள். அவர்கள் தெருக்குழுவைக் கேட்டுவிட்டு, அங்கேயே இரவில் நடக்கும் திறந்தவெளிக் கைவினைச் சந்தையைச் சுற்றலாம். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு நாச்சஸ் நீராவிப் படகின் இரவு உணவுப் பயணம் நல்ல மாற்று. இரண்டு மணி நேரம், உட்கார்ந்தபடியே ஜாஸ் கேட்கலாம்.

திரும்புவது

கஃபே டு மோண்ட் 1862 முதல் இருக்கிறது; சிக்கரி கலந்த காப்பியும் சர்க்கரைத் தூள் கொட்டிய பென்யே அப்பமும் அங்கே சாப்பிட வேண்டியவை. கும்பகோணம் காப்பி குடித்து வளர்ந்தவர்களுக்குச் சிக்கரி மணம் புதிதாக இருக்காது. முன்பு இரவு பகலாகத் திறந்திருந்தது, இப்போது இரவில் மூடிவிடுகிறார்கள். அதனால் மறுநாள் காலை திறந்தவுடன் போங்கள். வரிசையும் இருக்காது.

நள்ளிரவில் ஆளில்லாத தெருக்கள் வழியாக நடந்து திரும்பாதீர்கள், குழுவாக இருந்தாலும் வேண்டாம். ஃபிரெஞ்ச்மென் தெருவுக்குள் வாடகை வண்டி நுழைந்து வெளியேறப் பாடுபடும். எஸ்பிளனேட் முனைக்கு நடந்து வந்து அங்கிருந்து கூப்பிடுங்கள்.

மறுநாள் ஞாயிறாக இருந்தால் பிற்பகலில் ராம்பார்ட் தெருவில் உள்ள லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குப் போங்கள். அதற்குள் காங்கோ சதுக்கம் இருக்கிறது. அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தங்கள் முரசுகளை அடித்து ஆடிய இடம். அமெரிக்காவின் மற்ற பகுதிகளில் அப்படிக் கூடவே அனுமதி அரிதாக இருந்தது. இன்றும் ஞாயிறு பிற்பகலில் அங்கே முரசு வட்டம் கூடும். ஹூஸ்டனுக்குக் கிளம்புவதை மாலைக்குத் தள்ளிவைத்தாலும் நஷ்டமில்லை. இரவு பத்தரை, பதினொரு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.